பாதிக் கலிமா

என் ராத்தா, என் மூத்த சகோதரி ஸாலிஹாவுக்குப் பைத்தியம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஏறாவூரில் பாதிப்பேர் அவளைப் பைத்தியம் என்றார்கள், மீதிப்பேர் அவளை இறைநேசர் ஆக்கப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் என்னிடம் நல்ல வார்த்தை கிடையாது. ராத்தா ஐந்து நேரமும் தொழுபவள். விடியலில் சுபஹுக்குப் பிறகும் பின்னேரம் அஸருக்குப் பிறகும் ஓத வேண்டியதை ஓதி முடிக்காமல் பாயை விட்டு எழும்ப மாட்டாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது வந்தது. எனக்கு வந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நான் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்துகொண்டு வாயால் ஊரையே தைக்கிறவள்.

ராத்தாவுக்கு ஒரே பிள்ளை, ஸஹீதா. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராத்தாவின் கணவர் அலியார் மச்சான் கருவாடு எடுக்கக் கல்குடாவுக்கு வெளிக்கிட்டார். பிள்ளை கடல் பார்க்க வேண்டும் என்று அழுதாள். ராத்தா அவளுக்கு இரட்டைப் பின்னல் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி அனுப்பினாள். மச்சானின் மையித்து மறுநாள் ஒரு முள்ளுக்கம்பி வேலியில் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அதைச் சொன்னவன் வெள்ளத்தைப் பார்க்காதவன். ஒரு முழம் குறைந்திருந்தால் எங்கள் பிள்ளை இருந்திருப்பாள்.

எங்கள் வீடு கடற்கரையில் இல்லை, கடலோடு கலக்கிற வாவியின் கரையில் இருக்கிறது. பின்வளவு முடிகிற இடத்தில் கண்ணா மரங்கள் அடர்ந்த பற்றை, அதற்கு அப்பால் தண்ணீர். அன்றைக்கு வாவியும் கொஞ்சம் ஏறியது. கறுத்த தண்ணீர் கிணற்றடி வரை வந்து, எதையோ பார்த்துவிட்டுப் போவதுபோலத் திரும்பிப் போனது. கடல் தண்ணீரும் வாவித் தண்ணீரும் ஒன்றுதானே என்று ராத்தா பிறகு அடிக்கடி சொல்வாள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்று நான்கு மாதம் போயிருக்கும். புளியந்தீவிலிருந்து மல்கம் என்று ஒரு பறங்கி மனுசன் சைக்கிளில் வந்தார். தச்சு வேலை செய்கிறவர். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், அதே ஞாயிற்றுக்கிழமை, மனைவி மவுறீனோடு கல்குடாவுக்குப் போய், அங்கே அவவை இழந்தவர். கருவாட்டுக்கார அலியாரின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்து எங்கள் கடப்படியில் நின்றார். உள்ளே வரச் சொன்னோம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தங்கச்சி, உங்கட மகள் கடைசியா என்ட கையிலதான் இருந்தவ. ஒரு தென்னையப் புடிச்சிக்கொண்டு நிண்டன். மவுறீன் போயிட்டா. இந்தப் புள்ள இழுபட்டு வந்திச்சு, புடிச்சிட்டன். பேரச் சொன்னவ, வாப்பாட பேரச் சொன்னவ. அழல்ல. உங்கட ஆக்கள் சொல்லுற ஓதல் ஒண்டச் சொல்லிக்கொண்டே இருந்தவ."

"என்னத்தச் சொன்னவ?" என்று ராத்தா கேட்டாள்.

"லா இலாஹ, லா இலாஹ எண்டு. அடுத்த தண்ணி வரேக்குள்ளயும் அதத்தான் சொன்னவ. கை நழுவிற்று தங்கச்சி. ஆனா ஆண்டவர்ட பேரச் சொல்லிக்கொண்டுதான் போனவ. அத உங்களிட்டச் சொல்லாட்டி எனக்கு நித்திர வராது."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு தண்ணிதான்."

"மிச்சத்தச் சொன்னவவா? முழுசாச் சொன்னவவா?"

மல்கமுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தனக்குக் கேட்டது அவ்வளவுதான் என்றார். இஞ்சி போட்ட பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, நெஞ்சுப் பாரம் இறங்கிய மனிதராகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறுதல் சொல்ல அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தவர். ஆனால் அவர் கொண்டுவந்த ஆறுதல் என் ராத்தாவின் கையில் கத்தியாகிவிட்டது.

எங்கள் விசுவாச வாக்கியமான கலிமா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'லா இலாஹ' என்றால் இறைவன் இல்லை. 'இல்லல்லாஹ்' என்றால் அல்லாஹ்வைத் தவிர. முதல் பாதி எல்லாவற்றையும் துடைக்கிறது, இரண்டாம் பாதி ஒருவனை மட்டும் வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஈமான், இறைநம்பிக்கை. முதல் பாதியோடு நிறுத்தினால் அது ஈமானுக்கு நேர் எதிர். சின்ன வயதில் எங்களுக்கு ஓதித்தந்த லெவ்வை, நடுவில் மூச்சை விட்டால் பிரம்பால் தட்டுவார். தும்மல் வந்தாலும் சொல்லி முடித்துவிட்டுத் தும்மு என்பார்.

பறங்கி மனுசனுக்கு மிச்சம் காதில் பிடிபட்டிருக்காது என்று நான் சொன்னேன். பள்ளிவாசல் ஹஸரத்தும் சொன்னார்: பாலகர்களுக்குப் பாவம் எழுதப்படுவதில்லை, பிள்ளை நேராகச் சுவர்க்கத்துக்குப் போயிருப்பாள். ராத்தா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். ஹஸரத் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பாதியில நிண்ட புள்ள எங்க நிக்கும், றம்லா?"

நான் மெஷினில் போய் இருந்து, தைத்து முடித்த சட்டையையே மறுபடி தைத்தேன்.

வியாழக்கிழமைப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வீட்டுப் பின்வளவில் பாய் விரித்துக் கலிமா ஓதுவது நெடுநாள் வழக்கம். நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம், அது நிறையப் புளியங்கொட்டை. ஒரு கலிமாவுக்கு ஒரு கொட்டையை இந்தப் பக்கம் தள்ள வேண்டும். கடைசியில் கையேந்தித் துஆக் கேட்டு, ஓதியதன் நன்மையை மௌத்தாகி இறந்துபோனவர்களுக்குச் சேர்த்து வைப்போம். இது மார்க்கத்தில் இல்லாத வேலை என்று ஊரில் ஒரு கூட்டம் ஒலிபெருக்கியில் சொன்னது. இதுதான் மார்க்கமே என்று இன்னொரு கூட்டம் இன்னொரு ஒலிபெருக்கியில் சொன்னது. எங்களுக்கு இரண்டும் வெறும் சத்தம். நாங்கள் எங்கள் பாட்டுக்கு ஓதினோம்.

மல்கம் வந்துபோன வாரம் வழக்கம்போல ஓதி முடித்தோம். எங்களில் மூத்தவரான நபீஸா துஆவுக்குக் கையை ஏந்தினார். அத்தனை பேரின் சத்தமும் அடங்கிய அந்த இடைவெளியில், வாவிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் 'லா இலாஹ' என்றது.

கூட்டமாக ஓதும்போது ஒருவர் பிந்துவது சாதாரணம். யார் பிந்தியது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். எல்லார் வாயும் மூடியிருந்தது. பற்றைக்கு அப்பால் வெயில் விழுந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு தோணிகூட இல்லை. நீர்க்காகங்கள் கம்புகளில் இருந்தபடி எங்களையே பார்த்தன. மறுபடியும் 'லா இலாஹ'. அதோடு நின்றது.

குரல் வந்ததைவிட அது நின்ற இடம்தான் எங்களை நடுங்க வைத்தது. கலிமா தெரிந்த எவரும் அங்கே நிற்க மாட்டார்கள். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. யாராவது சொல்லி முடிக்காவிட்டால் வானம் அப்படியே பிளந்துவிடும் போல இருந்தது. ராத்தா எழும்பினாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து 'இல்லல்லாஹ்' என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் ராத்தாவைக் கட்டிக்கொண்டு, "ஸஹீதா, எங்கிட ஸஹீதா" என்று அழுதார்கள்.

எனக்கு மட்டும் அது ஆம்பிளைக் குரலாகக் கேட்டது. எங்கேயோ கேட்டுப் பழகிய, வயதான ஒருவரின் குரல். மீன்பிடிக்கிற எவனோ பற்றைக்குள் ஒளிந்திருந்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். பிள்ளையைத் தேடி அழுகிற கூட்டத்துக்கு நடுவில் அதைச் சொல்ல முடியுமா? புளியங்கொட்டைகளைப் பொறுக்கினேன்.

அதன்பிறகு அது நிற்கவேயில்லை. வியாழக்கிழமை மட்டுமல்ல, ராத்தா தனியே அஸருக்குப் பிறகு ஓதுகிற நாட்களிலும் வந்தது. அவள் ஓதினால் வரும், ஓதாவிட்டால் வராது. வருகிறபோதெல்லாம் பாதியோடு நிற்கும், அவள் மீதியைச் சொல்வாள். வருடங்கள் போயின. யுத்தம் மறுபடி தொடங்கியது. அக்கரையில் ஷெல் விழுகிற சத்தத்துக்கு எங்கள் ஜன்னல் அதிரும். அந்த அதிர்வுக்குள்ளும் அவள் தண்ணீரைப் பார்த்தபடி காத்திருப்பாள். காத்தான்குடியில் நல்ல இடத்திலிருந்து இரண்டாம் கலியாணம் பேசி வந்தார்கள். நான் போனால் பிள்ளைக்கு யார் முடித்து வைப்பது என்று மறுத்துவிட்டாள். சாப்பாடு குறைந்தது. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் தைத்துக் கொடுத்த சட்டையெல்லாம் கொடியில் தொங்குகிற மாதிரியே அவள் உடம்பிலும் தொங்கியது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முதலில் பக்கத்து ஒழுங்கைப் பெண்கள் வந்தார்கள், பிறகு தெரியாதவர்கள். ஒருத்தி மகனுக்குக் கட்டார் விசா வர வேண்டும் என்று ஸஹீதாவின் பேரில் நேர்ச்சை வைத்தாள். இன்னொருத்தி கண்ணா மரத்தில் பச்சைச் சீலை கட்டினாள். ஊதுபத்தி கொளுத்தினார்கள். நான் சீலையை அவிழ்த்து எறிந்தேன், ஊதுபத்தியைத் தண்ணீருக்குள் போட்டேன். மரத்துக்கும் தண்ணீருக்கும் கையேந்தவா கலிமா ஓதுகிறோம் என்று கத்தினேன். ராத்தா அவர்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளுடைய காது வேறெங்கோ இருந்தது.

எனக்கு உண்மையான பயம் வந்தது வேறொரு நாள். அந்தி நேரத்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லி, பள்ளியில் ஜமாஅத் தொழுகையும் முடிந்து, வானத்துச் சிவப்பும் போகத் தொடங்கிவிட்டது. ராத்தா இன்னும் பாயில் இருந்தாள்.

"ராத்தா, மஃரிப் தவறப் போகுது."

"இன்னும் வரல்ல."

"ஆரு வரல்ல?"

"அவ இண்டைக்குச் சொல்லல்ல. நான் எழும்பிப் போன பிறகு சொன்னா, ஆரு முடிச்சி வெக்கிற?"

"அல்லாஹ்வுக்கு முடிச்சி வெக்கத் தெரியாதா? நீயில்லாட்டி அவன் உன்ட புள்ளயப் பாதியில உட்டுருவானா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ புள்ள பெறாதவ, றம்லா. உனக்கு விளங்காது."

அந்த வார்த்தை என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. ஆனால் அதைவிட எனக்கு வலித்தது வேறு. காய்ச்சலில்கூடத் தொழுகையைப் பிந்தாத என் ராத்தா, ஒரு குரலுக்காகத் தொழுகையைக் காக்க வைத்துவிட்டாள். அவளுடைய ஓதல் தூண்டிலாகிவிட்டது. யாருக்காக ஓதத் தொடங்கினாளோ அவனை மறந்து, வருகிற மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை நான் மனுசியாகத் திரும்ப எடுப்பேனா, அல்லது தண்ணீர் இவளையும் கொண்டுபோய்விடுமா என்ற பயம் அன்றிலிருந்து என்னோடு நித்திரைக்குப் போய் என்னோடு எழும்பியது.

யுத்தம் முடிந்தது என்று சொன்ன வாரம், தெருவில் வெடி கொளுத்தினார்கள். அந்த வியாழக்கிழமைப் பின்னேரம் கேதீஸ்வரி வந்தாள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து தோணியில் இறால் கொண்டுவந்து எங்கள் ஒழுங்கையில் விற்கிறவள். நிறுவையில் ஒருநாளும் என்னிடம் தோற்றதில்லை, அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். அன்றைக்குக் கூடை இல்லாமல் வந்திருந்தாள். அவளுடைய மகன் ரதீஸை இயக்கம் கூட்டிக்கொண்டு போய் மூன்று வருடத்துக்கு மேல். வன்னியில் இருக்கிறான் என்று ஒரு தகவல் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

"முடிஞ்சுதாம் எண்டு வெடி கொளுத்துறாங்க ராத்தா," என்றாள். "முடிஞ்சா ஆக்கள் வீட்ட வரணும்தானே."

ராத்தா அவளைப் பாயில் இருக்கச் சொன்னாள். கேதீஸ்வரி பாயின் ஓரத்தில், தாம்பாளத்தில் கால் பட்டுவிடாமல் ஒதுங்கி இருந்தாள்.

"ஒரு உதவிக்கு வந்தன். உங்கட மகள் இஞ்ச வந்து பேசுறவவாம் எண்டு எங்கட பக்கமும் சொல்லுவாங்க. அவவிட்ட ஒருக்காக் கேளுங்க. என்ட ரதீஸ் அந்தப் பக்கம் வந்தவனா எண்டு மட்டும். வரல்ல எண்டு சொன்னாப் போதும். உயிரோட இருக்கான் எண்டு நான் எடுத்துக்குவன்."

விசா கேட்டு வந்தவர்களைத் திட்ட எனக்கு வாய் இருந்தது. இவளுக்கு முன்னால் அது திறக்கவில்லை. ராத்தாவின் முகம் வெளிறியது. இத்தனை வருடத்தில் தண்ணீரிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"கேட்டாப் பதில் வராது புள்ள. அது அந்தப் பாதியத்தான் சொல்லும்."

"அப்ப நான் இருந்து கேக்கட்டா? உங்கட ஓதலுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டன்."

இரு என்று ராத்தா தலையசைத்தாள். மற்றப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஓதத் தொடங்கினோம். காற்று விழுந்துவிட்டது. தாம்பாளத்தில் கொட்டைகள் உரசுகிற சத்தமும் எங்கள் குரலும்தான். கேதீஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை வாவியில் வைத்தபடி இருந்தாள். முடித்தோம். நபீஸா கையை ஏந்தினார்.

'லா இலாஹ.'

கேதீஸ்வரி எழும்பினாள். "வாறன் மகனே," என்றாள். சந்தையில் கூப்பிட்ட ஆளுக்குப் பதில் சொல்கிற மாதிரி, சாதாரணமாக. நாங்கள் விளங்கிக்கொள்வதற்குள் பற்றையை விலக்கித் தண்ணீரில் இறங்கிவிட்டாள். முழங்கால், பிறகு இடுப்பு. அவள் தோணிக்காரி, அந்தத் தண்ணீரில் எங்கே குழி, எங்கே சேறு என்று தெரிந்தவள். தெரிந்துகொண்டுதான் குழிப் பக்கம் நடந்தாள். கைகளை முன்னால் நீட்டியிருந்தாள்.

ராத்தாதான் ஓடினாள். எலும்பும் தோலுமான அந்த உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. தண்ணீர் கழுத்தைத் தொடுகிற இடத்தில் கேதீஸ்வரியின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இருவரும் ஒருதரம் முங்கி எழும்பினார்கள்.

"உடுங்க ராத்தா, அவன் நிக்கிறான், அம்மா எண்டு கூப்பிடுறான்."

"அது உன்ட மகன் இல்ல."

"என்ட மகன்ட குரல் எனக்குத் தெரியாதா? உங்களுக்குக் கேக்கல்லயா?"

ராத்தா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற எங்களைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வியை அவள் அப்போது கேட்டாள்.

"நபீஸாத்தா, உங்களுக்கு என்ன கேட்டிச்சு? ஆர்ட குரல்ல கேட்டிச்சு?"

நபீஸாவின் ஏந்திய கை இன்னும் இறங்கவில்லை. "கலிமாதான் கேட்டிச்சு புள்ள," என்றார். பிறகு ஏந்திய கையாலேயே முகத்தைத் துடைத்தார். "மௌத்தான என்ட மனிசன்ட குரல்ல. எப்பவும் அவர்ட குரல்லதான். நான் உன்ட மனசு நோகும் எண்டு சொல்லல்ல."

இன்னொருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு, தனக்குத் தன் தம்பியின் குரல் என்றாள். பக்கத்தில் நின்றவள் தன் உம்மாவின் பேரைச் சொன்னாள். எல்லாருமாகச் சேர்ந்து ஒரே வார்த்தையை ஓதினோம், ஒரே வார்த்தையைக் கேட்டோம். வார்த்தை ஒன்றாக இருந்ததால் குரலும் ஒன்று என்று நம்பிவிட்டோம். ஓதத் தெரியாத ஒருத்தி வந்து இருந்த அன்றைக்குத்தான், அது அவளுக்குத் தெரிந்த வார்த்தையை எடுத்துக்கொண்டது.

"உனக்கு, றம்லா?"

"வாப்பாட குரல்," என்றேன். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்துக்குள், கல்முனைக்குப் போன பஸ்ஸில் ஏறியவர் எங்கள் வாப்பா. அந்தப் பஸ் எங்கும் போய்ச் சேரவில்லை. மீன்பிடிக்கிற எவனோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குரலை, வாயால் சொன்ன பிறகுதான் நானும் ஒப்புக்கொண்டேன்.

ராத்தா கேதீஸ்வரியைத் திருப்பி, அவளுடைய முதுகை வாவிக்குக் கொடுத்து, கரையைப் பார்த்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சேறு காலைப் பிடித்தது. நான் இடுப்பளவு தண்ணீருக்குள் போய் மற்றக் கையைப் பிடித்தேன். மூன்று பேரும் வாவிக்கு முதுகு காட்டி நடந்தோம்.

அப்போது, முதுகுக்குப் பின்னால், மிக அருகில், அது மறுபடி பேசியது. இந்தத் தரம் கலிமா இல்லை. "றம்லா" என்று என் பேரைச் சொன்னது. வாப்பா கடப்படியில் நின்று, சாமான் பையை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிடுகிற அதே தொனியில். நான் திரும்பினேன். எதற்கும் ஏமாறாதவள் என்று பேரெடுத்த நான்தான் திரும்பினேன். தண்ணீர்தான் இருந்தது. எங்கள் காலடியிலிருந்து அக்கரை வரைக்கும் ஒரு சுழிகூட இல்லாத தண்ணீர்.

ராத்தாவுக்கும் ஏதோ கேட்டது. கேதீஸ்வரியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் அப்படியே இறுகின. கண்ணீர் தாரையாக வழிந்தது. அவள் நின்றாள். ஒரு மூச்சு எடுத்தாள். தண்ணீருக்கு மீதியைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தொடக்கத்திலிருந்து, இடையில் மூச்சு விடாமல், முழுசாக, 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்றாள். பிறகு அடுத்த காலை எடுத்து வைத்தாள்.

கரையில் கேதீஸ்வரி நனைந்த சேலையோடு மண்ணில் இருந்து கேட்டாள். "அப்ப என்ட மகன் எங்க, ராத்தா?"

"எனக்குத் தெரியா," என்றாள் ராத்தா. "அதுக்கும் தெரியா. எல்லாம் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கான். நீ உன்ட பாஷையில கேளு, நான் என்ட பாஷையில கேக்கிறன்."

கேதீஸ்வரி அவளுடைய தோளில் முகத்தை வைத்து, யுத்தம் முடிந்த பிறகு முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள். நான் போய் என்னுடைய உலர்ந்த சேலை ஒன்றை எடுத்து வந்தேன். நபீஸா தேத்தண்ணி ஊற்றப் போனார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. ராத்தா பாங்கு முடிவதற்குள் கைகால் கழுவி வுளூச் செய்து, உடுப்பு மாற்றி, தொழுகைப் பாயில் நின்றுவிட்டாள். நேரத்துக்கு அவள் மஃரிப் தொழுததைப் பார்த்து எவ்வளவு காலம் என்று எனக்கு நினைவில்லை. நானும் பக்கத்தில் நின்று தொழுதேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் அவள் சுஜூதில் நெற்றி வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ராத்தா, தண்ணிக்குள்ள நிக்கேக்க உனக்கு என்ன கேட்டிச்சு?"

"உம்மா எண்டு கூப்பிட்டிச்சு." அவள் குரல் உடையவில்லை. "இத்தின வருஷமா ஒருநாளும் அப்படிக் கூப்பிடல்ல. இண்டைக்குத்தான் கூப்பிட்டிச்சு. ஸஹீதாட குரல். அவக்குக் காய்ச்சல் வந்தாக் கூப்பிடுவாவே, அந்தக் குரல்."

"அது அவ இல்லயெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியா," என்றாள். "அவவாயும் இருக்கலாம்."

"பின்ன ஏன் நீ திரும்பல்ல?"

ராத்தா தொழுகைப் பாயை மடித்தாள். மடித்ததை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"திரும்பியிருந்தா," என்றாள், "அதுக்குப் பிறகு நான் ஆரைத் தொழுவன், றம்லா?"